‘வா’ என்றால் போ: பிரெஞ்சு மொழியின் ஏவல் வினைகள்



பிரெஞ்சுக்காரர் ஒருவர் உங்களை நோக்கி ‘வா’ என்று சொன்னால் அவரை நெருங்கிவிடாதீர்கள். அவர் உங்களைப் போகச் சொல்கிறார். பிரெஞ்சு மொழியில் ‘வா’ என்பது ‘செல்’ என்னும் பொருளுடைய ஏவல் வினை. அம்மொழியில் ஒருவரை அழைக்கும் சொல், ஏறத்தாழ ‘வியேன்’ என்று ஒலிக்கும். இதனினும் வேடிக்கை ஒன்று உண்டு. அன்புடைய நண்பர் ஒருவர் பேச்சுவழக்கில் ‘வா பா’ என்று சொல்லக்கூடும். நம் காதில் அது ‘வாப்பா’ என்ற கனிந்த அழைப்பாக விழும். அவர் சொன்னதோ ‘போகாதே’ என்பது. இரண்டிலும் அன்பு இருக்கிறது; கால் நகர வேண்டிய திசைதான் வேறு.

இந்த வேடிக்கையின் வழியே பிரெஞ்சு மொழியின் ஏவல் வினைகளையும், அவற்றைச் சூழ்ந்த அன்றாட வாக்கிய அமைப்பையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இப்பொருளால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். தில்லியிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சைப் பாடமாக எடுத்துப் படிக்கின்றனர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடங்களில் பிரெஞ்சும் ஒன்று. அப்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு இலக்கணம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே விளக்கப்படுகிறது. ஆங்கிலத்திலோ நண்பனுக்கும் நாட்டின் தலைவருக்கும் முன்னிலைச் சொல் ஒன்றே, ஏவலும் ஒன்றே. ஆகவே, அந்தக் கண்ணாடி வழியே பார்க்கும் பிள்ளைக்கு, இருவகையாகப் பிரிந்து நிற்கும் பிரெஞ்சு ஏவல் தேவையற்ற தொல்லையாகத் தோன்றுகிறது. ‘நீ வா’, ‘நீங்கள் வாருங்கள்’ என்னும் வேறுபாட்டைத் தாய்ப்பாலோடு பெற்ற பிள்ளைக்கு இது புதிய செய்தியே அன்று. வீட்டிலேயே சாவி இருக்க, அடுத்த வீட்டில் ஏணி இரவல் கேட்கிறோம்.

என் சொந்த ஊர் சித்தூர், திருப்பதிப் பகுதியைச் சேர்ந்த பாலசமுத்திரம். 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபோதும், 1960-ஆம் ஆண்டில் படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லை மாற்றங்கள் நிகழ்ந்தபோதும், எல்லைக்கோடுதான் இடம் மாறியது, நாவுகள் மாறவில்லை. அங்கே ஒரு பிள்ளை வீட்டில் ‘வா’ என்றும் ‘வாங்க’ என்றும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி ‘ரா’ என்றும் ‘ரண்டி’ என்றும் சொல்லும். யாரும் இலக்கணம் கற்பிக்கவில்லை. எதிரே நிற்பவரின் வயதையும் முகத்தையும் கண்டவுடன் வினையின் ஈறு தானே அமைந்துவிடும். அலுவல் காரணமாக ஓரளவு பிரெஞ்சு பயின்றபோது, எனக்கு அம்மொழியில் முதன்முதல் பழகிய முகமாகத் தெரிந்தது இந்த ஏவல் வினைதான்.

தமிழும் பிரெஞ்சும் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் புதுச்சேரி. அதனுடன் காரைக்காலும், தெலுங்கு நிலத்தில் ஏனாமும், மலையாள நிலத்தில் மாகியும் சேர்ந்திருந்தன. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவற்றின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மக்களின் பிரதிநிதிகள் வேறுவிதமாகத் தீர்மானிக்கும் வரையில் பிரெஞ்சு அங்கே ஆட்சிமொழியாகத் தொடரும் என்று அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. பின்னர் 1965-ஆம் ஆண்டின் சட்டம் தமிழுக்குரிய இடத்தை வகுத்தது. எனினும், புதுச்சேரித் தமிழில் இன்றும் ஊராட்சி அமைப்பு ‘கொம்யூன்’தான், பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர் ‘சொல்தா’தான்.

அங்கே வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களும் தமிழைக் கற்க முயன்றனர். மூசே, துப்புயி என்னும் இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியைப் புதுச்சேரி மிஷன் அச்சகம் 1855-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டது. காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வின்சோன், பின்னாளில் பாரீஸில் தமிழ் கற்பித்து, 1903-இல் தமிழ் மொழிக்கு ஒரு கையேடும் எழுதினார். அவர்களுக்கு நம் ஏவல் வினை எவ்வளவு தொல்லை தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வா, வாரும், வாருங்கள், வருக, வரவும், வாருங்களேன்! அவர்களுடைய மொழியில் இருப்பவை மூன்றே மூன்று.

அம்மூன்றைக் காணுமுன், பிரெஞ்சின் சாதாரண வாக்கியத்தைச் சற்று நோக்குவோம். தமிழில் ‘பேசுகிறேன்’ என்றால் போதும். பேசுபவன் நான் என்பதை ஈறே சொல்லிவிடும். பிரெஞ்சில் அப்படி விட முடியாது. ‘ஜ பார்ல்’ என்றால் நான் பேசுகிறேன். ‘ஈல் பார்ல்’ என்றால் அவன் பேசுகிறான். ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதற்கும் ‘ஈல் பார்ல்’ என்றே ஒலி. ஏட்டில் எழுத்துகள் வேறுபடும். காதில் வேறுபாடு இல்லை. ஈறுகள் வாயடைத்துப் போனமையால், எழுவாய் எப்பொழுதும் முன்னால் வந்து நின்று தன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுவாய், அதன்பின் பயனிலை, அதன்பின் செயப்படுபொருள் என்னும் வரிசையும் இறுகிவிட்டது. நம் மொழியில் வேற்றுமை உருபு இருப்பதால் ‘இராமனைக் கண்டான் கண்ணன்’ என்று புரட்டினாலும் பொருள் புரளாது. பிரெஞ்சில் புரட்டினால் கண்டவன் வேறாகிவிடுவான்.

இவ்வளவு கட்டுப்பாடுடைய வாக்கியத்தில் எழுவாய் விடைபெற்றுக்கொள்ளும் இடம் ஏவல். எதிரே நிற்பவரை நோக்கிச் சொல்வதால் எழுவாய் வேண்டுவதில்லை. ‘பார்ல்’ என்றால் நீ பேசு. ‘பார்லே’ என்றால் நீங்கள் பேசுங்கள். ‘பார்லோன்’ என்றால் நாம் பேசுவோம். இதன் ஈற்று ஒலியை மூக்கின் வழியே விட வேண்டும், தமிழ் எழுத்து அதனை முற்றும் காட்டாது. இவ்வாறே போதலுக்கு வா, அலே, அலோன்; வருதலுக்கு வியேன், வெனே, வெனோன். நிகழ்கால வடிவத்தை எடுத்து எழுவாயை நீக்கினால் ஏவல் பிறந்துவிடும். பார்லே போன்ற வினைகளில் ஒருமை ஏவலுக்கு ஈற்றிலுள்ள ‘ஸ்’ என்னும் எழுத்தையும் நீக்கி எழுத வேண்டும். அது எப்படியும் ஒலிக்காத எழுத்து. ஆகவே காதுக்கு நட்டமில்லை, தேர்வில் மதிப்பெண்ணுக்குத்தான் நட்டம்.

நீக்கிய அந்த எழுத்து ஓரிடத்தில் திரும்பி வருகிறது. ‘அங்கே’ என்பதைக் குறிக்கும் ‘ஈ’ என்ற சிறு சொல், போ என்னும் பொருளுள்ள ‘வா’வின் பின்னால் வந்தால், ‘வா ஈ’ என்று இரண்டு உயிர்கள் மோதும். அதனைத் தவிர்க்கவே ‘ஸ்’ இடையில் வந்து, ‘வாஸீ’ என்று மென்மையாக அதிர்ந்து ஒலிக்கிறது. பள்ளி நூல்கள் இதனை விதிவிலக்கு என்று அச்சுறுத்துகின்றன. மணி அடித்தான் என்பது மணியடித்தான் என்றாவதை அறிந்த நமக்கு, இதன் வேலை நன்றாகத் தெரிந்ததே. உடம்படுமெய் பாரீஸிலும் பணி செய்கிறது.

‘நாம் போவோம்’ என்னும் ஏவலைப் பற்றி ஒரு சொல். பிரெஞ்சில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு கிடையாது. ‘நூ’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொது. கேட்பவரைச் சேர்த்துச் சொல்கிறாரா, விலக்கிச் சொல்கிறாரா என்பதைச் சூழ்நிலைகொண்டே அறிய வேண்டும். ஆனால் ஏவலில் மட்டும் ஐயமில்லை. ‘அலோன்’ என்றால் கேட்பவரும் உள்ளே. நம் இலக்கணத்தார் உளப்பாட்டுத் தன்மை என்றார்களே, அதுதான் இது. எங்கள் ஊர்த் தெலுங்கில் ‘போதாம்’ என்பார்கள். அதற்கும் இதே தொனி. 1792-இல் ரூஷே த லீல் என்னும் படைவீரர் இயற்றிய பிரெஞ்சு நாட்டுப் பண்ணின் முதற் சொல் இந்த ‘அலோன்’தான். போர்க்களத்துக்கு மக்களைப் ‘போங்கள்’ என்று ஏவிவிட்டுப் பாடியவர் வீட்டில் இருந்திருந்தால், அப்பாட்டு அவ்வளவு தூரம் சென்றிருக்குமா என்பது ஐயமே.

இனி, மரியாதை. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பிரெஞ்சில் நீ என்பதற்குத் ‘தூ’. நீங்கள் என்பதற்கு ‘வூ’. தூ என்பதை உதடு குவித்து, நாவை முன்தள்ளி ஒலிக்க வேண்டும். இந்தியின் ‘தூ’வும் பிரெஞ்சின் இந்தத் ‘தூ’வும் மிகப் பழைய ஒரே வேரில் கிளைத்தவை. ஆயினும், வடநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைக்கு இங்கே ஓர் இடர் உண்டு. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படிகள். அவற்றுள் தூ மிகத் தாழ்ந்த படி, அல்லது மிக நெருங்கிய படி. வகுப்புத் தோழனைத் ‘தூ’ என்றால் சண்டை மூளலாம். பிரெஞ்சில் வகுப்புத் தோழனை ‘வூ’ என்றால்தான் அவன் மனம் வருந்துவான். என்ன பகை நேர்ந்தது என்று கேட்பான்.

நம் மொழியில் ஏவலின் ஈற்றைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயதும் உறவும். அம்மாவிடம் ‘வா’ என்னும் பிள்ளை அப்பாவிடம் ‘வாங்க’ என்னும். அண்ணனுக்குச் சில வீடுகளில் ‘வா’. சில வீடுகளில் ‘வாங்க’. பிரெஞ்சில் இன்று வயதைவிட நெருக்கமே அளவுகோல். பேரன் பாட்டனாரைத் ‘தூ’ என்றே அழைக்கிறான், பாட்டனார் மகிழ்கிறார். அதே பாட்டனார் கடைக்குச் சென்றால், இருபது வயதுப் பணியாளரை ‘வூ’ என்கிறார். முன்பின் அறியாதவர் எவ்வயதினராயினும் ‘வூ’. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் மேசை துடைக்கும் இளைஞனைப் பார்த்து ‘இங்கே வா’ என்று கூவும் பெரிய மனிதர், பாரீஸில் அவ்வாறு கூவினால், தேநீர் வருவதற்குள் மாலையாகிவிடும். இந்த ஒன்றை மட்டும் நாம் அவர்களிடமிருந்து கடன் வாங்கலாம் என்பது என் கருத்து. அறியாத எவரையும் பன்மையில் அழைத்தால் நாவு தேய்ந்துவிடாது.

வெளி மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் சிலர் தாத்தாவையே ‘வா’, ‘உட்கார்’ என்று அழைக்கக் கேட்டிருப்பீர்கள். அது மரியாதைக் குறைவு அன்று; மொழி சுருங்கிப்போனதன் அடையாளம். வீட்டில் பெற்றோர் அவர்களை ஏவும் சொற்கள் மட்டுமே காதில் விழுந்தால், அவர்கள் அறிந்த தமிழ் ‘வா, போ, சாப்பிடு, படி’ என்பதோடு நின்றுவிடும். ஊரில் பத்துப் பெரியவர்களை நாள்தோறும் எதிர்கொள்ளும் பிள்ளைக்குப் பன்மை ஏவல் தானே வருகிறது; நான்காவது மாடியில் வளரும் பிள்ளைக்கு அதனை யாரேனும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுப் பாடத்தில் தூவும் வூவும் வரும் நாளில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ‘தாத்தாவை எப்படி அழைப்பாய்?’ என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். இரண்டு பாடங்கள் ஒரே மாலையில் முடியும்.

ஏவலின் மரியாதை இறைவன் வரையில் செல்கிறது. தமிழ்ப் பக்தர் இறைவனை ‘நீ’ என்று உரிமையோடு அழைப்பதும், கிறித்தவத் தமிழில் ‘நீர்’ என்று வழங்குவதும் நாம் அறிந்தவை. பிரெஞ்சுக் கத்தோலிக்கர் நெடுங்காலம் இறைவனை ‘வூ’ என்றே வேண்டினர். 1966-ஆம் ஆண்டு முதல், பிற சபையாரோடு பொதுவாக ஏற்ற வடிவத்தில், அவர்தம் முதன்மை வேண்டுதல் ‘தூ’ என்று மாறியது. அதே வேண்டுதலில் 2017 டிசம்பர் 3-ஆம் நாள் முதல் ஓர் எதிர்மறை ஏவலை மட்டும் திருத்தினார்கள். சோதனைக்கு உட்படுத்துதல் என்னும் வினை நீங்கி, சோதனைக்குள் செல்ல விடுதல் என்னும் வினை அவ்விடத்தில் வந்தது. முதல் வினையில் சோதிப்பவன் இறைவனே என்ற எண்ணம் தோன்ற இடமிருந்தது. ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு நாட்டின் திருச்சபை அரை நூற்றாண்டுப் பழக்கத்தை மாற்றியது என்பதை அறிந்தால், மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல்லுக்காக அரைநாள் அமர்ந்திருப்பதை மேலதிகாரிகள் பொறுத்துக்கொள்வார்கள்.

எதிர்மறை ஏவல் என்றேன். தமிழில் ‘போகாதே’ என்னும்போது மறுப்பு வினையின் வயிற்றுக்குள் இருக்கிறது. பிரெஞ்சில் அது வினைக்கு இருபுறமும் காவல் நிற்கும்: முன்னே ‘ந’, பின்னே ‘பா’. ‘ந வா பா’ என்றால் போகாதே. ‘ந பார்லே பா’ என்றால் பேசாதீர்கள். பேச்சு விரைவில் முன்காவலாளி உறங்கிவிடுவது வழக்கம். அதனால்தான் தொடக்கத்தில் நாம் கேட்ட ‘வா பா’ பிறந்தது. எஞ்சி நிற்கும் ‘பா’ யார் என்று பார்த்தால், அது முதலில் மறுப்புச் சொல்லே அன்று. அடி, காலடி என்பது அதன் பொருள். ‘ஓரடியும் போகேன்’ என்று அழுத்திச் சொல்ல வந்த சொல், நாளடைவில் எல்லா வினைகளுக்கும் பொதுவான மறுப்பாகிவிட்டது. பழம் பிரெஞ்சில் இதற்குத் தோழர்கள் பலர் இருந்தனர். துளி என்னும் சொல் குடித்தலோடும், துணுக்கு என்னும் சொல் உண்ணுதலோடும் வந்து மறுப்பை அழுத்தின. துளியும் இல்லை, எள்ளளவும் கொடேன், இம்மியும் அசையான் என்று நாமும் அளந்துதானே மறுக்கிறோம்! அவர்கள் எல்லா அளவுகளையும் விட்டுக் காலடியை வைத்துக்கொண்டார்கள்.

மறுப்பு வந்தவுடன் பிரெஞ்சு வாக்கியத்தில் இன்னொரு மாற்றமும் நேரும். அதை எனக்குக் கொடு என்பதற்குத் ‘தொன் ல முவா’ என்பார்கள்: கொடு, அதை, எனக்கு. கொடுக்காதே என்று சொல்ல நேர்ந்தாலோ ‘ந ம ல தொன் பா’. அதையும் எனக்கும் வினைக்கு முன்னால் ஓடிவந்து, தம்முள் இடமும் மாற்றிக்கொள்கின்றன. ‘முவா’ என்பது ‘ம’ என்று மெலிந்தும் விடுகிறது. இதற்குத் தமிழில் துணையில்லை. வாயால் நூறு முறை சொல்லிப் பழகுவதே வழி.

தன்னைக் குறித்து வரும் வினைகளுக்கு நம்மிடம் துணை உண்டு. ‘செர்வே வூ’ என்றால், சொல்லுக்குச் சொல், உங்களுக்கு நீங்களே பரிமாறுங்கள். இயல்பான தமிழில் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’. அந்தக் ‘கொள்’ செய்யும் வேலையைத்தான் அந்த ‘வூ’ செய்கிறது. இவ்வாறே ‘ஆந்த்ரே’ என்றால் உள்ளே வாருங்கள். அதனுடன் ‘தோன்க்’ என்னும் சிறு சொல்லைச் சேர்த்தால் ‘வாருங்களேன்’ என்ற கனிவு வந்துவிடும். பிரெஞ்சில் ‘தயவு செய்து’ என்பதற்கு ‘ஸீல் வூ ப்லே’ என்கிறார்கள். ‘தங்களுக்கு உவப்பாயின்’ என்பது அதன் நேர்ப்பொருள். நம் பேச்சில் அத்தகைய தனிச்சொல் மிகுதியாக வழங்குவதில்லை என்று குறை கூறுவோர் உண்டு. ‘கொஞ்சம் நகருங்களேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள். நம் அலுவலகக் கதவுகளில் ‘தள்ளு’, ‘இழு’ என்று ஒட்டியிருக்கும். எழுபது வயது முதியவரையும் கதவு ஒருமையில்தான் ஏவுகிறது. பிரெஞ்சுக் கதவு ‘பூஸே’, ‘தீரே’ என்று பன்மையில் பேசும். தடை விதிக்கும்போது அவர்கள் ஆளையே விட்டுவிட்டு, வினையின் முதல்வடிவத்தை மட்டும் எழுதுவார்கள்: புகை பிடிக்கலாகாது என்பதற்கு ‘ந பா ஃபுமே’. இங்கே ‘ந’வும் ‘பா’வும் ஒருங்கே முன்னால் வந்துவிடும். எவரையும் விளிக்காததால் எவர்க்கும் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. சமையற் குறிப்புகளிலும் இதே முறை. தமிழிலும் ‘வெங்காயத்தை வதக்கவும், நீர் ஊற்றவும்’ என்றுதானே எழுதுகிறோம்? வதக்க, ஊற்ற என்னும் எச்ச வடிவத்தோடு ‘உம்’ சேர்த்து ஆளில்லாத ஏவல் ஒன்றை நாமும் ஆக்கியிருக்கிறோம். அரசாங்கக் கடிதங்களில் வரும் ‘உடன் அனுப்பவும்’ இந்த வகைதான்.

நம் வியங்கோளுக்கும் அங்கே உறவினர் உண்டு. வாழ்க என்பதற்கு ‘வீவ்’. கணக்குப் புத்தகத்தில் ‘ஒரு முக்கோணம் உளதாகுக’ என்று தொடங்குவதற்கு ‘சுவா’. இவை ஏவல் அல்ல; விருப்பத்தையும் ஐயத்தையும் உணர்த்தும் வேறொரு வினைவகை. நன்னூலார் வியங்கோள் மூவிடத்தும் வரும் என்றார். இந்த வினைவகையும் அவ்வாறே எல்லா இடங்களிலும் வரும். இரு, உடைத்தாயிரு, அறி என்னும் பொருளுள்ள மூன்று வினைகள் தம் ஏவலை இந்த வகையிலிருந்தே பெறுகின்றன. ‘சஷே’ என்று ஒரு பிரெஞ்சு அறிவிப்புத் தொடங்கினால், ‘அறிந்துகொள்ளுங்கள்’ என்பதைவிட ‘அறிக’ என்பதே அதற்குப் பொருந்தும்.

நான்காவது ஒன்றும் உண்டு. விரும்புதல் என்னும் வினையின் ஏவல் ‘வ்யோயே’. இதனைத் தெளிவாக அறிவது பலருக்கு இன்றும் பணப்பொறுப்புள்ள செய்தி. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறும் முதியவர்களும் விதவைகளும் உள்ளனர். தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றிதழை அவர்கள் குறித்த காலத்தில் அனுப்பியாக வேண்டும். அதனைக் கேட்டு வரும் கடிதம் ‘வ்யோயே’ என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியூரில் வேலை பார்க்கும் பேரன், பள்ளியில் படித்த பிரெஞ்சை நினைவுகூர்ந்து, ‘அனுப்ப விரும்பினால் அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறார்கள், பாட்டி’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? சான்றிதழ் போகாது, பணம் நின்றுவிடும். அச்சொல்லில் உள்ள விருப்பம் வெறும் மேலாடை. உள்ளே இருப்பது கட்டளை. ‘அனுப்பிவைக்க வேண்டுகிறோம்’ என்று எழுதி, கடைசி நாளையும் பக்கத்தில் குறித்துக் கொடுப்பதே சரியான பெயர்ப்பு.

அக்கடிதம் முடியும் இடத்திலும் அதே ‘வ்யோயே’ மறுபடி வரும். எங்கள் மேலான மரியாதையின் வெளிப்பாட்டைத் தாங்கள் ஏற்றுக்கொள்ள மனங்கொள்வீராக என்று ஒரு முழு வரி நீளும். ஓய்வூதியத்திற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாட்டியார் எதையும் ஏற்றுக்கொண்டு பதில் எழுத வேண்டியதும் இல்லை. அந்த வரியைத் தமிழில் பெயர்க்க நேர்ந்தால், ‘இங்ஙனம்’ என்று ஒரு சொல் எழுதி, அதன்கீழ் கையொப்பமிட்டவரின் பதவியை எழுதிவிடலாம்.